ஐந்தாவது சுமங்கலி

“பொட்டு கோணலா இருக்கு மதலேனாக்கா.”

“கண்ணாடி மங்கலா இருக்கு. நீயே நேராக்கி விடு.”

“நான் குங்குமத்தத் தொடலாமா?”

“தேக்கா மார்க்கெட் கக்கூஸ்ல நின்னுக்கிட்டு தொடலாமா, கூடாதான்னு பாக்குறா பாரு. தொடாத. தொடச்சு விடு.”

செல்லக்கண்ணு முந்தானை நுனியை நாக்கில் நனைத்து, மதலேனாவின் நெற்றியில் வழிந்திருந்த குங்குமத்தின் ஓரத்தை மட்டும் துடைத்து வட்டமாக்கினாள். துடைப்பது தொடுவதில் சேராது என்பது அவள் தீர்மானம்.

இருவருமே கணவனை இழந்தவர்கள். மதலேனாவுக்கு எழுபத்திரண்டு வயது. செல்லக்கண்ணு நான்கு வயது இளையவள். தனி ஆளுக்கு அரசாங்க வாடகை வீடு கிடைக்காது, இரண்டு பேராக எழுதிப் போட்டால் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேரும் ஒரே தாளில் கைநாட்டும் கையெழுத்துமாகப் போட்டு, புக்கிட் மேராவில் பதினோராவது மாடியில் ஓர் அறைக்குக் குடிவந்தார்கள். ஒரு சுவரில் மாதா படம். எதிர்ச்சுவரில் முருகன். இரண்டு பேருக்கும் நடுவே கொடியில் துணி காயும்.

மதலேனா வெள்ளைக்காரர் வீட்டில் ஆயாவாக இருந்தவள். எழுபத்தொன்றில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஊரைக் காலி செய்து கப்பலேறியபோது துரைசானி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். நாணயமானவள், சுத்தமானவள் என்று அதில் இருப்பதாகப் பங்குச் சாமியார் படித்துச் சொன்னார். மதலேனா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். அதைக் காட்டும்படியான இடம் எதுவும் அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. செல்லக்கண்ணு சாப்பாட்டுக் கடைகளில் மேசை துடைக்கிறாள். முன்பு வாரத்தில் ஆறு நாள். முழங்கால் வீங்கிய பிறகு மூன்று நாள்.

“கோயில்ல அன்னதானம் போடுறாங்கக்கா, வாங்களேன்” என்று முதல் வருடமே செல்லக்கண்ணு கூப்பிட்டாள்.

“தட்ட ஏந்திக்கிட்டு வரிசையில நிக்கச் சொல்றியா?”

“சாமி சோறுக்கா. அதுல என்ன?”

“ஒஞ் சாமிய எனக்குப் பழக்கமில்ல. பழக்கமில்லாத வீட்ல போயிக் கை நீட்டுவாங்களா?”

“ஒங்க சாமி மட்டும் என்னத்தக் குடுத்திச்சு?”

“கிறிஸ்மஸுக்கு ஒரு பார்சல் குடுக்குது. வீட்டுக்கு வந்து கதவத் தட்டிக் குடுக்குறாங்க. நான் போயி நிக்கல.”

“அதுல பூராவும் சோப்பு.”

“சோப்பா இருந்தா என்ன? கதவத் தட்டுனாங்கல்ல?”

கல்யாணச் சாப்பாடு தற்செயலாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்கிச் சிராங்கூன் சாலையில் ஒரு மண்டப வாசலில் நின்றார்கள். பட்டுச் சட்டை போட்ட ஒருவர் ஓடிவந்து பன்னீர் தெளித்தார். “என்ன பெரியம்மா வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, வாங்க, பந்தி ஆரம்பிச்சிட்டாங்க” என்று மதலேனாவின் கையைப் பிடித்து அழைத்துப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். மதலேனாவுக்கு யாரும் நாற்காலி இழுத்துப் போட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு அது வழக்கமாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் செல்லக்கண்ணு கோயிலுக்குப் போவாள், அறிவிப்புப் பலகையில் எந்த மண்டபத்தில் என்றைக்குக் கல்யாணம் என்று யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வருவாள். சின்னக் கல்யாணத்துக்குப் போவதில்லை. முதல் பந்தியில் உட்காருவதில்லை. ஒரே மண்டபத்துக்கு மாதம் ஒரு தடவைக்கு மேல் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பெண் வீடு, பெண் வீட்டார் கேட்டால் மாப்பிள்ளை வீடு. வெறுங்கையோடு போவதும் இல்லை. மதலேனா அதில் கறாராக இருந்தாள். கிறிஸ்மஸ் பார்சலில் வந்த வாசனைச் சோப்புகள் ஒவ்வொன்றாக, பழைய பூத்தாளைத் தடவிச் சுருக்கம் எடுத்து மடித்த பொட்டலங்களாக, இந்துக் கல்யாணங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. வீட்டில் அவர்கள் இருவரும் துணி துவைக்கும் கட்டிச் சோப்பில் குளித்தார்கள்.

பொட்டு பிறகு வந்தது. இரண்டாவது கல்யாணத்தில் ஓர் அம்மாள் இவர்களை உற்று உற்றுப் பார்த்தாள்.

“ரெண்டு வெறும் நெத்தி பக்கத்துல பக்கத்துல உக்காந்தா கல்யாண வீட்ல கண்ண உறுத்தும்” என்றாள் செல்லக்கண்ணு. “ஒருத்தியாச்சும் பொட்டோட இருக்கணும்.”

“வச்சுக்கயேன்.”

“ஐயையோ, நான் வைக்கலாமா? பாவமில்ல? நீங்கதான் வேதக்காரி. ஒங்களுக்கு இந்தப் பாவம் கெடையாது.”

மதலேனா இரண்டு நாள் யோசித்தாள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டுவிட்டு வந்தாள்.

“பொட்டு வைக்கலாமா சாமின்னு கேட்டேன். அது நம்ம பண்பாடு, பாவமில்லன்னு சொல்லிட்டாரு.”

“சோத்தப் பத்தி?”

“அத அவரு கேக்கல.”

இன்றைக்கு மதலேனா காலைத் தமிழ்ப் பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக நடந்து வந்திருந்தாள். எண்பத்து நாலாம் வருடம், ஆவணி மாதத்து ஞாயிறு. மார்க்கெட்டிலிருந்து மண்டபம் கொஞ்ச தூரம்தான். அதற்கே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

“காலைல ஒரு வாய்க் காப்பி குடிச்சிருக்கலாம்ல?”

“நற்கருணை வாங்கப் போறப்ப வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாது.”

“அது ஞாயித்துக்கெழம. நேத்து சனிக்கெழம எந்தச் சாமிக்குப் பட்டினி கெடந்தீங்க?”

நேற்று இருந்த கஞ்சி ஓர் ஆளுக்குத்தான் காணும். செல்லக்கண்ணு வேலைக்குப் போகிறவள்.

மண்டபத்தில் கூட்டம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பாதி நாற்காலிகள் காலி. வாசலில் ஒரு பெண் இருவருக்கும் கல்கண்டு கொடுத்து, மதலேனாவுக்கு மட்டும் ஒரு முழம் மல்லிகை நீட்டினாள். மதலேனா வாங்கிக் கொண்டையில் செருகினாள். செல்லக்கண்ணு கல்கண்டை அப்பொழுதே மென்றுவிட்டாள்.

“கூட்டம் பத்தாதுக்கா. போயிடலாமா?”

“இன்னொரு தடவ அவ்வளவு தூரம் நடக்க எனக்குக் காலு இல்ல. காத்தாடி பக்கத்துல உக்காரு.”

கடைசிக்கு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் ஒரு சீன அம்மாள் புதுச் சேலை கட்டி, கொசுவம் அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் அசையாமல் இருந்தாள். மாப்பிள்ளை வேலை பார்க்கும் அலுவலகத்துப் பெரிய அதிகாரி என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். மேடையில் மாப்பிள்ளை அண்ணாதுரை புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். மணப்பெண்ணை இன்னும் அழைத்து வரவில்லை.

மேடைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஓர் அம்மாள் அலைந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெளிர் நிறத்தில் சேலை, நெற்றியில் வெறும் திருநீறு. மேடைப் படி வரைக்கும் போவாள். அங்கே நின்று கையால் ஏதோ சொல்வாள். திரும்பி விடுவாள். ஒரு தடவையும் படியில் கால் வைக்கவில்லை.

“மாப்ளைக்கு அம்மாக்கா அது” என்றாள் செல்லக்கண்ணு. “பாவம். எவ்வளவு ஓடியாந்தாலும் அந்தப் படி வரைக்கும்தான்.”

“பெத்தவதானே? ஏறுனா என்ன?”

“ஏறுனா என்னவாம்! நல்ல காரியத்துல அறுத்தவ முன்னால நிப்பாளா? ஒங்கள்ல அந்த மாதிரி இல்லியா?”

“எங்கள்லயும் பேசுவாங்க. கோயிலுக்குள்ள பேச மாட்டாங்க. வெளிய வந்து பேசுவாங்க.”

மேடையிலிருந்து கனத்த குரல் ஒன்று கேட்டது. மாப்பிள்ளையின் அத்தை. தங்கத்தில் முக்கியெடுத்தவள் போலிருந்தாள்.

“அன்னம்மா! அஞ்சு பேரு வேணும், நாலு பேருதான் இருக்கோம். ஜோகூர்ச் சின்னம்மா எங்க?”

“இன்னும் வரல அண்ணி. ஜோகூர்ப் பாலத்துல கார் நவுரலயாம். முன்னால வந்துட்டவங்க சொன்னாங்க.”

“நம்ம வீட்ல அஞ்சு சுமங்கலி கை படாம தாலி மாப்ள கைக்குப் போனதுண்டா? ஒந் தம்பி பொண்டாட்டி?”

“மாசமா இருக்கா அண்ணி, ஏழாவது. வரல.”

“யாரையாச்சும் பாரு. இன்னும் இருவது நிமிசந்தான் முகூர்த்தம்.”

அன்னம்மா திரும்பி நாற்காலி வரிசைகளைப் பார்த்தாள். இளம்பெண்கள் எல்லாம் பாவாடையும் கவுனுமாக இருந்தார்கள். வயதானவர்கள் பெண்ணுக்கு நகை பூட்ட உள்ளே போயிருந்தார்கள். அவள் பார்வை வரிசை வரிசையாகப் பின்னால் வந்து மதலேனாவிடம் நின்றது. மதலேனாவுக்கு அந்த வயதிலும் நிமிர்ந்த முதுகு. தன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டு. கொண்டையில் பூ. நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு.

“இங்கதான் வராக்கா” என்றாள் செல்லக்கண்ணு. “பொண்ணு வீடுன்னு சொல்லணும். மறந்துராதீங்க.”

அன்னம்மா வந்து மதலேனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, நீங்க பொண்ணு வீடா?”

“ஆமா.”

“எனக்கு ஒரு ஒத்தாச பண்ணணும். ஒரு கை குறையுது. மகராசியா இருக்கீங்க. ஏறி வந்து தாலித் தட்டத் தொட்டுக் குடுத்துட்டீங்கன்னா போதும்.”

“நானா?”

“கழுத்துல கயிறு பழுத்துக் கெடக்கறதப் பாத்தாலே தெரியுதே, எத்தன வருசம் வாழ்ந்தவங்கன்னு. ஒங்க கை பட்டா என் மருமகளுக்கும் அந்த ஆயுசு கெடைக்கட்டும்.”

செல்லக்கண்ணு தும்மினாள். சிரிப்போ பயமோ, அதை அப்படித்தான் மறைக்க முடிந்தது. மதலேனா எழுந்தாள். எழுந்தவளுக்குக் கண் இருட்டி வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கொஞ்சம் அந்தாண்ட வாயேன்” என்றாள். “ஒரு வார்த்த சொல்லணும்.”

“நேரமாச்சும்மா.”

“ஒரு வார்த்ததான்.”

மேடைக்குப் பக்கவாட்டில், சமையல்கட்டுக்குப் போகிற நடையில், அரிசி மூட்டைகளும் எண்ணெய்த் தகரங்களும் அடுக்கியிருந்த இடத்துக்கு மூன்று பேரும் போனார்கள். உள்ளே சாம்பார் கொதிக்கிற வாசனை. அந்த வாசனையில் நின்றுகொண்டு பேசுவது மதலேனாவுக்குச் சிரமமாக இருந்தது.

“ஒன் பேரு அன்னம்மாதானே? நான் அறுத்தவ அன்னம்மா. எட்டு வருசமாச்சு.”

அன்னம்மா அவள் கழுத்தைப் பார்த்தாள். மதலேனா ரவிக்கைக்குள்ளிருந்து அந்தப் பழுப்புக் கயிற்றை இழுத்து வெளியே போட்டாள். முனையில் தபால்தலை அளவுக்கு ஒரு துணித்துண்டு, அதில் அழிந்துபோன மாதா படம்.

“இது உத்தரியம். மாதா பேருல போடுறது. தாலியில்ல.”

“வேதக்காரங்களா?”

“ஆமா.”

“வேதக்காரங்க. அறுத்தவங்க.” அன்னம்மா தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “பொண்ணு வீட்ல வேதக்காரங்க யாரும் இல்லியே. நீங்க யாரு கூப்பிட்டு வந்தீங்க?”

“யாரும் கூப்பிடல. சாப்பாட்டுக்கு வந்தோம்.”

செல்லக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வருடமாக அந்த வார்த்தையை அவர்கள் வீட்டுக்குள்கூடச் சொன்னதில்லை. ‘கல்யாணத்துக்குப் போறோம்’ என்றுதான் சொல்வார்கள்.

அன்னம்மாவின் முகத்தில் கோபம் வந்தது. வந்த கோபம் எங்கே நிற்பது என்று தெரியாமல் போய்விட்டது. அவள் ஒரு எண்ணெய்த் தகரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“இங்க யாருக்காவது தெரியுமா?”

“எது?”

“நீங்க அறுத்தவங்கன்னு.”

“எங்களத் தெரிஞ்சவங்க இங்க யாரும் இல்ல.”

“அப்ப ஏறுங்க.”

“என்ன சொல்ற?”

“ஏறுங்க. தொட்டுட்டு எறங்கிடுங்க. நாலு நாளா நான் தூங்கல. இனிமே ஒரு ஆளத் தேடி அலைய என்னால முடியாது.”

“தப்பில்லையா?”

“தப்புதான்.”

“அப்ப அந்தத் தப்ப நீயே பண்ணேன். ஒம் மகன். நீயும் நானும் ஒண்ணுதானே?” மதலேனா இடுப்பில் செருகியிருந்த குங்குமப் பொட்டலத்தை எடுத்தாள். “இந்தா. பொட்டு என்கிட்ட இருக்கு.”

“என்ன எல்லாருக்கும் தெரியுமேம்மா” என்றாள் அன்னம்மா.

செல்லக்கண்ணு மதலேனாவின் முழங்கையைச் சுரண்டினாள்.

“ஏறிட்டு வந்துருங்கக்கா. ஒரு நிமிசம். தட்டத் தொடறதுதான.”

“பாவம்னு சொல்லுவியே?”

“பாவந்தான். மொதப் பந்தியில உக்கார வைப்பாங்க. சேலகூட வச்சுக் குடுப்பாங்க. எனக்கு வயித்த வலிக்குதுக்கா.”

மதலேனா பொட்டலத்தை மறுபடி மடித்தாள். நிதானமாக மடித்தாள்.

“எங்க வீட்டுக்காரரு சூசைநாதன் துறைமுகத்துல மூட்ட தூக்குனவரு” என்றாள் அன்னம்மாவைப் பார்த்து. “நெஞ்சு பூரா தூசி. எட்டு மாசம் படுக்கையில கெடந்தாரு. நான்தான் தூக்கி உக்கார வைப்பேன், நான்தான் தொடச்சு விடுவேன். அவரு செத்தாருன்னு இப்ப சொல்றதுக்கு இந்த ஊர்ல நான் ஒருத்திதான் இருக்கேன். சோத்துக்காகப் பொட்டு வச்சேன்யா, பொறுத்துக்கன்னு அவருகிட்டச் சொல்லிக்கலாம். பொறுத்துக்குவாரு, பசி தெரிஞ்ச மனுசன். மேடையில ஏறி நின்னு, அவரு சாகவே இல்லன்னு எப்படிச் சொல்றது? அப்ப அந்த எட்டு மாசம் நான் யாரத் தூக்குனேன்?”

உள்ளே யாரோ கரண்டியால் அண்டாவைத் தட்டினார்கள்.

மதலேனா முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். குங்குமம் முழுவதும் போகவில்லை. புருவம் வரைக்கும் சிவப்பாக இழுத்துக்கொண்டது. கொண்டைப் பூவை எடுத்து அரிசி மூட்டைமேல் வைத்தாள்.

“வா செல்லக்கண்ணு.”

“சாப்பிடாமயா?” என்றாள் அன்னம்மா.

“இனிமே சாப்பிட்டா அது வேற சாப்பாடு.”

“அன்னம்மா!” அத்தை நடைக்குள் வந்துவிட்டாள். “ஆளு கெடச்சாங்களா இல்லியா? ஐயரு கத்துறாரு. இவங்களா? இது என்ன நெத்தி?”

“இவங்களுக்கு ஆகாதாம் அண்ணி.”

“ஆகாதுன்னா பூவும் பொட்டுமா எதுக்கு வந்து உக்காந்தாங்க?” அத்தை பதிலுக்கு நிற்கவில்லை. திரும்பி மண்டபத்துக்குள் போனாள். அவள் குரல் மட்டும் நடைக்குள் வந்தது. “மிசஸ் லிம்! மிசஸ் லிம்! யுவர் ஹஸ்பண்ட் எங்க?”

“ஹஸ்பண்ட்? அவுட்சைட். ஸ்மோக்கிங் லா!”

“உசுரோட இருக்காருல்ல, அது போதும். கம், கம். ஷூவக் கழட்டுங்க.”

செல்லக்கண்ணு எட்டிப் பார்த்தாள். “அந்தச் சீனம்மாவ இழுத்துட்டுப் போறாக்கா” என்றாள். “கொசுவத்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு ஏறுது.”

மதலேனா நடக்கத் தொடங்கினாள். அன்னம்மா குறுக்கே வந்து நின்றாள்.

“அஞ்சு நிமிசம் இருங்க.”

“எதுக்கு?”

“இப்ப மேளம் கொட்டுவாங்க. அந்த நேரத்துல நான் இங்கதான் நிக்கணும். அங்க போனாலும் தூணு மறைக்கும். தனியா நின்னு கேக்கணும்னு நேத்துலேர்ந்து எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. அஞ்சு நிமிசம். அப்புறம் போங்க.”

மதலேனா நின்றாள். அன்னம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். செல்லக்கண்ணு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓர் எண்ணெய்த் தகரத்தைக் காலால் நகர்த்திக் கதவோரம் போட்டு, மதலேனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறினாள்.

“ஏய், முழங்காலு!”

“சும்மா இருங்கக்கா. இங்கேர்ந்து தெரியுது. தூணு மறைக்கல.” கழுத்தை நீட்டினாள். “பொண்ணு வந்து உக்காந்துருச்சு. செவப்புச் சேல. நல்ல களையான பொண்ணும்மா. மூக்கு ஒங்க மகனவிட எடுப்பு.”

“அண்ணாதுரை என்ன பண்றான்?”

“மூக்க உறிஞ்சுறாரு. பொகை. தட்டு வருது. ஒங்க நாத்தனாரு தொட்டாச்சு. அடுத்தது ஒரு குண்டம்மா. அடுத்தது யாரோ ஒசரமா. இன்னொண்ணு.”

“பெரிய மருமக அது.”

“சீனம்மா கையில குடுத்துட்டாங்க. குடுத்தா திருப்பிக் குடுக்க மாட்டேங்குது. போட்டோவுக்குப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்குது. ஒங்க நாத்தனாரு புடுங்குறாங்க. புடுங்கியாச்சு.”

அன்னம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்புதான்.

“ஐயரு மாப்ள கையில குடுக்குறாரு. எந்திரிக்கிறாரு. குனியுறாரு.”

கெட்டிமேளம் இரைந்தது. தகரங்கள் அதிர்ந்தன. செல்லக்கண்ணு அந்த இரைச்சலுக்குமேல் கத்தினாள்.

“கட்டுறாரு! மொத முடிச்சு! எவனோ கேமராக்காரன் மறைக்கிறான், தள்ளுடா! ரெண்டாவது! மூணாவது முடிச்சு அந்தப் பொண்ணு போடுது, யாரு, தங்கச்சியா? போட்டாச்சு! அரிசி போடுறாங்கம்மா, போடுங்க, போடுங்க!”

அட்சதை மண்டபத்தில்தான் கொடுத்திருந்தார்கள். நடையில் இல்லை. அன்னம்மா கிழிந்திருந்த ஒரு மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அரிசியை அள்ளினாள். மதலேனாவும் அள்ளி, தகரத்தின்மேல் நின்றவளுக்கும் கொஞ்சம் கொடுத்தாள். மூன்று பேரும் மேடை இருந்த திசையில், சுவரைப் பார்த்து எறிந்தார்கள். அரிசி சுவரில் பட்டுத் தரையில் சிதறியது.

மேளம் ஓய்ந்தது. அன்னம்மா மூட்டைமேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். அழவில்லை.

“அழுது பாத்தியா?” என்று மதலேனா கேட்டாள்.

“வரல. பசிதான் வருது.” சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “இங்க மூணு எல போடுங்க.”

“நான் சொன்னேன்ல அன்னம்மா.”

“என்ன சொன்னீங்க?”

“பரிதாபப்பட்டுப் போடுற சோத்த நான் சாப்பிடறதில்ல.”

“பரிதாபப்பட எனக்கு எங்கம்மா நேரம்? அவங்கள்லாம் மேடையில இருக்காங்க. நான் தனியா உக்காந்தா பாக்குறவன் எல்லாம் என்னப் பாத்துப் பரிதாபப்படுவான். அந்த எழவு எனக்கு வேண்டாம். உக்காருங்க. எனக்குக் காலு வலிக்குது.”

மதலேனாவுக்கும் கால் வலித்தது. அவள் உட்கார்ந்தாள். செல்லக்கண்ணு அதற்கு முன்பே இலைக்குத் தண்ணீர் தெளித்திருந்தாள். சமையல்காரர் வந்து சோறு வைத்தார், பருப்பு ஊற்றினார், ஆளுக்கு ஒரு வடை போட்டுவிட்டு வாளியோடு மண்டபத்துக்கு ஓடினார். அங்கே பந்தி தொடங்கும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் பிசைந்தார்கள்.

மூன்றாவது வாய் சோற்றில் அத்தை வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“இங்க என்ன பண்ற அன்னம்மா? சம்பந்தி தேடுறாங்க. இவங்க இன்னும் போகலியா? யாருதான் இவங்க?”

“தெரியாது அண்ணி.”

“தெரியாதா?”

“சாப்பிட வந்தவங்க.”

செல்லக்கண்ணு வடையைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது. மதலேனா தலையைக் குனியவில்லை. நெற்றியில் சிவப்பு இழுத்த கறையோடு அத்தையை நேராகப் பார்த்தாள். வாயில் இருந்த சோற்றை அவசரப்படாமல் மென்று விழுங்கினாள்.

அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். கறையைப் பார்த்தாள். பிறகு இலையைப் பார்த்தாள். அவள் முகம் சட்டென்று கடுத்தது.

“இது என்ன எல? கூட்டு எங்க? பொரியல் எங்க? பருப்ப மட்டும் ஊத்திட்டுப் போயிருக்கான்! அண்ணாதுரை கல்யாணத்துல சாப்பிட்டோம், வெறும் பருப்புதான் போட்டாங்கன்னு நாளைக்குத் தேக்கா பூரா பேசறதுக்கா? யாரு அங்க பரிமாறுறது?”

அத்தை பட்டுச் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு தானே உள்ளே போனாள். இரண்டு கையிலும் இரண்டு பாத்திரங்களோடு வந்தாள். குனியும்போது நகைகள் எல்லாம் முன்னால் வந்து தொங்கின. கூட்டு வைத்தாள். பொரியல் வைத்தாள்.

“ஒங்க பேரு என்ன?”

“மதலேனா.”

“மதலேனாம்மா, அப்பளம் ஒடஞ்சதுதான் கெடக்கு. முழுசா இன்னும் பொரிக்கல. வைக்கட்டுமா, இருந்து வாங்கிக்கிறீங்களா?”

மதலேனா இலையின் ஓரத்தில் விரலால் கொஞ்சம் இடம் ஒதுக்கினாள்.

“ஒடஞ்சதே வை” என்றாள்.